மூன்று நிமிடம் ஆயிற்று

மஞ்சக்குப்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்
இருபத்தாறு வருஷம் குரல்களோடு குடித்தனம்.
பண்ருட்டி மண்டியில் முந்திரி விலை கேட்ட குரல்,
சிங்கப்பூர்க் கணவனிடம் பேசாமல் மூச்சு மட்டும் விட்ட குரல்,
ஜிப்மரிலிருந்து ஒரே சொல்லில் முடிந்துபோன குரல்.
மூன்று நிமிடம் ஆயிற்று, நீட்டிக்கட்டுமா என்பேன்.
ஒருத்தர் முகமும் தெரியாது.

அந்தப் பசிதான்.
அரியர்ஸ் பணம் வந்தபோது தங்கை வளையல் வாங்கினாள்.
நான் சென்னைக்குப் போய், பர்மா பஜாரில்,
தோல் உறையில் யாரோ எழுதிய பெயர் பாதி அழிந்திருந்த
பழைய யாஷிகா ஒன்று வாங்கினேன்.

பத்திரிகைக்கா? இல்லை.
கல்யாணத்துக்கு எடுப்பியா? இல்லை.
அப்புறம் எதுக்கு?
சும்மா என்றேன்.
அறுபத்தொன்பது வயதிலும் அதே பதில்தான்,
குரல்தான் கொஞ்சம் தடித்திருக்கிறது.

ஒருநாள் பான்பரி மார்க்கெட்டில்
காலை ஆறிலிருந்து உச்சிவேளை வரை எடுத்தேன்,
ரோல் பல்லில் மாட்டவே இல்லை என்று தெரியாமல்.
அன்றைக்குப் பார்த்தவர்கள்தான்
இன்னும் தெளிவாக இருக்கிறார்கள்.

ஓல்டு டவுனில் கோணி தைக்கும் மைமூன்
நிமிராமலே சொன்னாள்:
"படம் புடிக்கிற சத்தத்துல ஊசி விழுந்துச்சுன்னா
நீதான் தேடணும்."
விழுந்தது.
சாக்கடை ஓரம் இரண்டு பேரும் குனிந்து அரைமணி தேடினோம்.
படம் எடுக்கவில்லை.
அந்த வருஷத்திலிருந்து பக்ரீத்துக்கு
அவள் வீட்டில் எனக்கு ஒரு தட்டு.

துறைமுகத்தில் ஐஸ் உடைத்த இருசப்பன் அப்படியில்லை.
உளியைக் கீழே வைத்துவிட்டு,
பாளத்தின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்து,
"ஜில்லுனு எடு" என்றார்.
வாயில் பீடி, அதைப் பிடித்த இரண்டு விரல்,
புகைக்கு மூடிய இடது கண்,
அதோடு ஒரு சிரிப்பு.
பிரதி கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தார்.
"எங்கண்ணன் மாதிரி இருக்கான்" என்று
நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

போன மாசம் அவர் மகன் கலைவாணன் வாசலில் நின்றான்.
"வேற படமே இல்லைங்க மேடம்.
ஆதார்ல இருக்கறது அப்பாவே இல்ல."
தானே புயலில் நனைந்து பிழைத்த பிஸ்கட் டின்னில்,
ஒன்றோடொன்று ஒட்டிய நெகட்டிவ்களுக்கு நடுவில்,
ஓரத்தில் பூஞ்சை பூத்து,
அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபிளெக்ஸ் கடைப் பையன் இமைக்கும் நேரத்தில்
வெள்ளைச் சட்டை மாட்டினான்,
முதுகுக்குப் பின்னால் மேகம் வைத்தான்,
இரண்டு புறா விட்டான்.
பீடியை அழிக்கப் போனான்.
இருக்கட்டும்பா என்றேன்.
"கண்ணீர் அஞ்சலில பீடியா மேடம்?"

விரல்களை அழிக்க அவனுக்குத் தெரியவில்லை.
எட்டுக்கு ஆறு அடியில், முச்சந்தியில்,
உதட்டருகே இரண்டு விரலால்
எதையும் பிடிக்காமல் பிடித்துக்கொண்டு
நின்றார் இருசப்பன்.
ஊர் பார்த்த என் ஒரே படம்.
கீழே ஆறு பேர் பெயர் இருந்தது,
எல்லாம் அவர் பங்காளிகள்.
அவர் மனைவி தலை சாய்த்துப் பார்த்துவிட்டு
"விசில் அடிக்கப் போறாரு" என்றாள்.

காரியம் முடிந்து, மழைக்கு முந்தின வாரம்
துறைமுகத்துக்குப் போனேன்.
ஐஸ் பாளங்களுக்கு மேல் வெயில் படாமல் போர்த்தியிருந்தது
அதே ஃபிளெக்ஸ்.
ஒரு புறா மடிப்புக்குள் போயிருந்தது.
மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்,
அடியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

"யாரு மேடம், சொந்தமா?"
உளியோடு வந்தவனுக்கு இருபது வயதிருக்கும்.
மூன்று நிமிடம் பேசியிருப்பேன் என்றேன்.
பேர் என்ன உனக்கு?
"ரீகன்."
பீடி வைத்திருக்கிறாயா என்று கேட்கவில்லை,
காதோரம் ஒன்று தெரிந்தது.
ஃபிளெக்ஸை இழுத்துச் சரிசெய்யப் போனான்.
விடு, மடிப்பு அப்படியே இருக்கட்டும்,
நீயும் அங்கேயே நில்லு.

"தள்ளி நில்லுங்க, தண்ணி சேலைல படும்."

படட்டும்.